எங்களுக்கு ஒரு தேதி கொடுங்கள்

நவம்பர் 2025

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

அக்டோபர் கூட்டத்தொடரும் முடிந்துவிட்டது. அரசுச் சேவைகளைக் குறித்த நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் அலுவலர் அபராதம் கட்ட வேண்டும் என்று சொல்லும் சேவை உரிமைச் சட்டம் இந்த முறையும் அவைக்கு வரவில்லை. இந்தச் சட்டமன்றத்துக்கு இன்னும் சில மாதங்களே மிச்சம் இருக்கின்றன. அதனால்தான் இனியும் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன்.

நான் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 11 வருஷமாகிறது. நகல் எடுப்பதோடு, எழுதத் தெரியாதவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். உள்ளே போகிறவர்களும் அங்கிருந்து திரும்பி வருகிறவர்களும் என் கடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்தே வேலை நடந்ததா இல்லையா என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

கூட்டத்தொடர் முடிந்த மறுவாரம் ஒரு பாட்டி வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் துணிக்கடைக் கவர் ஒன்றிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். நான் பேனாவை எடுப்பதற்குள் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு குடுக்கணும் தாயி?" என்று கேட்டார். ஜெராக்சுக்கும் மனுவுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னேன். "அது இல்ல. உள்ள எவ்வளவு?" என்றார்.

உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் இரண்டு மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தால்தான் நடக்கும் என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தோட்டை அடகு வைத்துவிட்டுப் பணத்தோடுதான் வந்திருந்தார். அவரிடம் அதுவரை யாரும் லஞ்சம் கேட்கவில்லை. ஆபீசுக்குள் அவர் கால்கூட எடுத்து வைக்கவில்லை. அதற்குள் காதில் ஈர்க்குச்சி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மடல் அன்றைக்கே எழுத ஆரம்பித்தது.

லஞ்சம் என்றதும், மேஜைக்கு அடியில் கை நீட்டும் ஓர் அதிகாரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 11 வருஷத்தில் அப்படி வாய்விட்டுக் கேட்டவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். வழக்கமாக நடப்பது வேறு. மனு போகும். ஒப்புகைச் சீட்டு வரும். அப்புறம் ஒன்றும் நடக்காது. போய்க் கேட்டால் "வி.ஏ.ஓ. ரிப்போர்ட் வரலை" என்பார்கள். கிராம நிர்வாக அலுவலரான அந்த வி.ஏ.ஓ.விடம் போனால் "நான் அனுப்பிட்டேனே, ஆர்.ஐ.கிட்ட இருக்கும்" என்பார். வருவாய் ஆய்வாளரான அந்த ஆர்.ஐ. முகாமுக்குப் போயிருப்பார். சர்வேயருக்கு வேறு ஃபிர்க்காவும் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். ஒருநாள் சர்வர் வேலை செய்யாது. இதில் எதுவும் பொய்யென்று அடித்துச் சொல்ல முடியாது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, டீக்கடை ஓரத்தில் நிற்கும் ஒருவர் வந்து, "ஏம்மா இப்படி அலையறீங்க? ஆள் பார்த்துச் செஞ்சிருக்கலாமே" என்பார். அவருக்கு அரசுச் சம்பளம் கிடையாது. ஆனால் எந்தக் கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மனு கொடுத்தவருக்குத் தெரியாது.

இதை ஒரு கூலித் தொழிலாளியின் கணக்கில் பாருங்கள். ஒருநாள் இங்கே வந்தால் அன்றைய கூலி 500 ரூபாய் போய்விடும். பஸ், டீ, சாப்பாடு சேர்த்து இன்னும் 100. ஆறு தடவை நடந்தால் 3,600 ரூபாய். டீக்கடை ஓரத்தில் நிற்பவர் கேட்பது 2,000. நேர்மையாக இருந்தால் 1,600 ரூபாய் நஷ்டம், வேலை முடியும் என்ற உறுதியும் இல்லை. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரிடம் போய் "லஞ்சம் கொடுக்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆபீஸ் சுவரில் "லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்" என்று போர்டு தொங்குகிறது. அதன் கீழே நின்றுதான் மனசுக்குள் இந்தக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள்.

நானும் கொடுத்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுதினால் சரியாக இருக்காது.

2022 ஆடியில் அப்பா இறந்துபோனார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகையை எடுக்க வேண்டும் என்றால் பேங்க்கில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் ஆயிற்றே, என் காகிதங்களில் ஒரு குறை இருக்கவில்லை. இரண்டு மாதம் கோப்பு அசையவில்லை. கடைசியில் என் கடை வாசலிலேயே தினமும் நிற்கும் ஓர் ஆளிடம் 3,000 ரூபாய் கொடுத்தேன். நாலாவது நாள் சான்றிதழ் வந்தது.

அந்த நாலு நாள்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. பரிந்துரை, வட்டாட்சியர் கையெழுத்து எல்லாம் நாலு நாளில் முடிகிற வேலைதான். மீதி இரண்டு மாதமும் எனக்காகவே நிறுத்தி வைக்கப்பட்ட காலம்.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர், கொடுத்த 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்க முடியும். எனக்கு இந்த 7 நாள் கணக்கு தெரிய வந்தபோது ஏழு மாதம் கடந்திருந்தது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா? மனசாட்சிப்படி சொன்னால், சந்தேகம்தான். வாரிசுச் சான்றிதழுக்கு அடுத்து அப்பாவின் நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். அதே ஆபீஸ், அதே மேஜைகள். என் கடையும் அதே வாசலில். ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் என் கோப்பு மற்றவர்களிடம் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் வாய் திறப்பதில்லை. புகார் குறைவாக வருகிறது என்பதை வைத்து லஞ்சமும் குறைவு என்று தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள்.

பக்கத்து ஊர் ஆபீஸ் ஒன்றில் ஒருமுறை லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து ஒருவரைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு இங்கே இரண்டு வாரம் யாரும் பணம் வாங்கவில்லை. அந்த இரண்டு வாரமும் ஒரு கோப்பும் நகரவில்லை. பிறகு பணம் வேறு கை வழியாகப் போக ஆரம்பித்தது. பிடிப்பது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது கட்டாயம் வேண்டும். ஆனால் கோப்பை நிறுத்தி வைக்கும் சுதந்திரம் அப்படியே இருக்கும்வரை, ஓர் ஆள் போனால் அந்த நாற்காலிக்கு இன்னொருவர் வருவார்.

சரி, பட்டா கதைக்கு வருகிறேன். எனக்கும் தம்பிக்கும் பாகப்பிரிவினை பதிவாகிவிட்டது. உட்பிரிவு செய்து பட்டா மாற்ற 2023 பிப்ரவரியில் விண்ணப்பித்தேன். உட்பிரிவு உள்ள பட்டா மாறுதலுக்கு 30 நாள், உட்பிரிவு இல்லாததற்கு 15 நாள் என்று அரசு அறிவித்து எவ்வளவோ காலமாகிறது. அந்த 30 நாளும் போனது, அதற்கு மேலும் போனது. இந்த முறை பைசா கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். ஜூன் மாதம் மொபைலுக்கு ஒரு செய்தி வந்தது. "ஆவணங்கள் போதுமானதாக இல்லை. நிராகரிக்கப்பட்டது." எந்த ஆவணம் என்று இல்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்திருந்தேன். நேரில் போய்க் கேட்டதற்கு, "திரும்பப் போடுங்க, பார்க்கலாம்" என்றார்கள். திரும்பவும் 60 ரூபாய், திரும்பவும் ஒப்புகைச் சீட்டு, திரும்பவும் காத்திருப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அந்த மனு சுற்றி வந்து, நான் யார் மேல் குறை சொன்னேனோ அதே மேஜைக்கு "உரிய நடவடிக்கைக்காக" வந்து சேர்ந்தது.

டிசம்பரில், கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழி காட்டினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு எழுதினேன். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது, எனக்குப் பின்னால் வந்த விண்ணப்பங்களில் எத்தனைக்குப் பட்டா கொடுக்கப்பட்டது. இவ்வளவுதான் கேட்டேன். 26ஆவது நாள் சர்வேயர் சங்கிலியோடு வயலில் நின்றார். 2024 ஜனவரி கடைசியில் பட்டா வந்துவிட்டது. முதல் விண்ணப்பம் கொடுத்து 11 மாதம் கழித்து.

பத்து ரூபாய்க் காகிதத்துக்கு அந்தச் சக்தி எப்படி வந்தது? அந்தச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது, 30 நாள். தேதி தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை, பொறுப்பான அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் போட வழி இருக்கிறது. என் பட்டாவுக்கும் 30 நாள் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த 30 தவறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் உங்களிடம் கேட்பது முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

இது புதுமையான கோரிக்கையும் இல்லை. குறித்த நாளுக்குள் சேவை தர வேண்டும், தராவிட்டால் அலுவலர் அபராதம் கட்ட வேண்டும் என்று மத்தியப் பிரதேசம் 2010இலேயே சட்டம் போட்டது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 என்று அதில் வைத்தார்கள். 2011இல் பீகார் செய்தது. அதே ஆண்டு கர்நாடகம், அடுத்த ஆண்டு கேரளம். இரண்டும் நம் எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கும் மாநிலங்கள். கர்நாடகத்தில் அதற்கு 'சகாலா' என்று பெயர். என் சித்தி மகள் பெங்களூரில் தையல் வேலை செய்கிறாள். அவள் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்த சீட்டை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள். அதில் ஓர் எண்ணும், எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதும் இருந்தன. தேதி தவறினால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு உண்டு. சிறிய தொகைதான். கர்நாடகத்தில் லஞ்சமே ஒழிந்துவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அவள் கையில் இருந்த சீட்டில் ஒரு தேதி இருந்தது. அந்தச் சீட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தகவல் உரிமைக்கு மத்திய அரசின் சட்டம் 2005இல்தான் வந்தது. தமிழ்நாடு 1997லேயே தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. குறைகள் நிறைய இருந்த சட்டம் என்றாலும், நாட்டிலேயே முதலில் யோசித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட மாநிலம் இதில் மட்டும் ஏன் 15 வருஷமாகப் பின்னால் நிற்கிறது?

ஆளும் தரப்பு உறுப்பினர்களே, சேவை உரிமைச் சட்டம் கொண்டுவருவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் நீங்களே வாக்குறுதி கொடுத்தீர்கள். அதை நம்பி என் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பிரதான எதிர்க்கட்சி உறுப்பினர்களே, பக்கத்து மாநிலங்கள் இந்தச் சட்டத்தைப் போட்ட 2011இல் தொடங்கி பத்து வருஷம் ஆட்சி உங்கள் கட்சியிடம்தான் இருந்தது. நீங்களும் செய்யவில்லை. ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள இதில் இடம் இல்லை.

முகாம்கள் நடக்கின்றனவே என்று சொல்வீர்கள். நடக்கின்றன. அந்த நாட்களில் என் கடையில் கூட்டம் நிற்க இடம் இருக்காது, எனக்கு வருமானமும் நன்றாகவே வரும். சிலருக்கு உடனே வேலை முடிந்து சந்தோஷமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முகாம் முடிந்த மறுநாள் அதே பழைய வரிசை. முகாமுக்கு ஊழியர்களை அழைத்துப்போவதால் ஆபீசில் வழக்கமான வேலை நின்றுபோவதையும் பார்க்கிறேன். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே என்பது இன்னொரு பதில். விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது, உண்மை. அது போய் நிற்கும் இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் எப்போது அதைத் திறக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம்தான் இல்லை.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேச எனக்கு மனசு வராது. இங்கே ஒரு வி.ஏ.ஓ. இருந்தார். ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டு, மனுக்காரருக்குத் தானே போன் செய்து "அனுப்பிட்டேன், இனிமே அலையாதீங்க" என்று சொல்வார். என் கடையில் எடுக்கும் நகலுக்குக்கூட எண்ணிக் காசு கொடுப்பார். மூன்று கிராமங்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணிக்கு மேலும் அவர் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கெடு வைத்துவிட்டு ஆள் போடாமல் விட்டால் முதலில் மாட்டுவது அவரைப் போன்றவர்தான். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இந்தச் சட்டத்தை மட்டும் போட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நான் கேட்பவை இவை.

அடுத்த கூட்டத்தொடரிலேயே சேவை உரிமைச் சட்ட முன்வடிவைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் அந்த வரைவை, படித்தால் புரியும் தமிழில் வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள். வாரிசு, சாதி, வருமானச் சான்றுகள், பட்டா மாறுதல், நில அளவை, முதியோர் மற்றும் விதவை உதவித்தொகை, பிறப்பு இறப்புப் பதிவு, வீடு கட்ட அனுமதி ஆகியவை முதல் நாளிலிருந்தே சட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒப்புகைச் சீட்டிலேயே முடிக்க வேண்டிய தேதியும் பொறுப்பான அலுவலரின் பதவியும் அச்சாகி வர வேண்டும். தேதி தவறினால் விண்ணப்பித்தவர் தனியாக மனு போடாமலே இழப்பீடு அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அந்தப் பணம், தாமதத்துக்குக் காரணமானவரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட வேண்டும். ஆள் பற்றாக்குறையோ சர்வர் கோளாறோ காரணம் என்றால் அதை எழுத்தில் பதிந்து, அரசே அந்த இழப்பீட்டைக் கொடுக்கட்டும். அப்போதாவது காலியிடம் நிரம்பும்.

நிராகரித்தால் எந்த ஆவணம், எந்த விதி, எதைத் திருத்த வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். முதல்முறை சொல்லாத குறையைச் சொல்லி இரண்டாம் முறை திருப்பி அனுப்பக் கூடாது. மேல்முறையீடு அதே ஆபீசுக்குள் சுற்றாமல், வருவாய்த் துறைக்கு வெளியே இருக்கும் ஓர் ஆணையத்திடம் போக வேண்டும். அதற்கும் ஒரு கெடு வேண்டும்.

ஒவ்வொரு தாலுகாவிலும் அந்த மாதம் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, எத்தனை கெடு தாண்டி நிற்கிறது என்பதை வாசல் போர்டில் எழுதிப் போடச் செய்யுங்கள். கிராம சபையிலும் அதைப் படிக்கச் செய்யுங்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டில் கெடு தேதியை அச்சிட ஓர் அரசாணை போதும். அந்த ஆணையை இந்த மாதமே பிறப்பிக்கும்படி அரசை வலியுறுத்துங்கள்.

கடைசியாக, உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். இந்தச் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா, இல்லையா என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். வரும் பதில்கள் எதுவானாலும் நகல் எடுத்துக் கடை வாசலில் ஒட்டுவேன். அந்தப் பாட்டியின் மனுவைப் பணமில்லாமல்தான் உள்ளே அனுப்பியிருக்கிறேன். தோட்டை மீட்டுக்கொள்ளச் சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தேன். "எப்ப வரட்டும் தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் சொல்ல என்னிடம் தேதி இல்லை. உங்களிடமிருந்துதான் அது வர வேண்டும்.

இப்படிக்கு,
தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்